ஆந்தைகளுக்காக எழுதிய கடிதங்கள்

ஆந்தைப் பெட்டி வைக்க நினைப்பவர்கள் முதலில் மழை எந்தப் பக்கத்திலிருந்து சாய்ந்தடிக்கிறது என்று பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. முதல் நான்கு மாதம் என் பெட்டிக்குள் ஒரு தவளைதான் குடியிருந்தது. முப்பத்தேழு வருஷம் தேயிலைத் தோட்டத்தில் கிராணியாகக் கணக்கெழுதும் வேலை பார்த்தவனுக்கு மழை எந்தப் பக்கம் என்று தெரியவில்லையா என்று தோட்டமே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். என்னைப் பார்த்துச் சிரிப்பதில் எனக்கு எப்போதும் தாராளம் உண்டு.

திரிங்காப்பில் இருக்கும் சின்னக்கருப்பன் அண்ணனுக்கு இதை எழுதுகிறேன். உங்கள் தம்பி மகன் திருமாறனுக்கும் என் மகள் சசிரேகாவுக்கும் உறுதி செய்த கல்யாணத்தை நீங்கள் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு வந்த மொட்டைக் கடிதத்தை எழுதியவன் யார் என்று தெரிய வேண்டும், அவன் தன் கையாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் மேற்கொண்டு பேச்சு என்று சொன்னீர்களாம். நியாயம். தகப்பன் இல்லாத பிள்ளைக்குப் பெரியப்பாவாக இருப்பவர் வேறெப்படிப் பேசுவார்?

சசிரேகா எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். தாளையும் பேனாவையும் அவள்தான் எடுத்து வைத்தாள். ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்றாள். முதல் வரியைப் பார்த்துவிட்டு, ஆந்தையில் ஏன் ஆரம்பிக்கிறீர்கள் என்று கேட்டாள். எல்லாம் அங்கேதானே ஆரம்பித்தது என்றேன். 

பெட்டி வந்தது 2019இல். அதற்கு முந்தின வருஷம்தான் எனக்கு ஓய்வு கொடுத்து, ஒரு கடிகாரமும் பூமாலையும் போட்டு அனுப்பினார்கள். வேலையில் இருந்தவரை காலை ஐந்தரைக்குப் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டவன். ஓய்வு பெற்ற பிறகும் ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடும், கூப்பிடத்தான் பெயர் கிடையாது. என் மனைவி சரோஜா அதற்கு ஐந்து வருஷம் முன்பே போய்விட்டாள். சும்மா இருக்கிறவனைப் பார்த்து மனசு கேட்காமல், அவள் தம்பி சாம்பசிவம் தெலுக் இந்தானிலிருந்து ஒரு மரப்பெட்டியை லோரியில் ஏற்றிக் கொண்டு வந்தான். அங்கே செம்பனைத் தோட்டங்களில் எலியைப் பிடிக்க ஆந்தை வளர்ப்பார்கள். கம்பத்தில் பெட்டியை மாட்டிவிட்டால் போதும், சோறு தண்ணீர் ஒன்றும் வைக்க வேண்டாம். எனக்கேற்ற வளர்ப்புப் பிராணி என்றான்.

வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்கும் சௌ சௌ கொடிக்கும் நடுவில் கம்பம் நட்டோம். தவளை போன பிறகு, வாசலைத் திருப்பி மாட்டிய மூன்றாவது வாரத்தில் ஒரு ஜோடி வந்தது. வெள்ளை முகம், நெடுக்காக வெட்டிய ஆப்பிள் மாதிரி. சத்தம் மட்டும் கொஞ்சம் அப்படி இப்படித்தான், துரு பிடித்த கேட்டைத் திறக்கிறாற்போல இருக்கும். முதல் வாரமே கோயில் தலைவர் அமிர்தலிங்கம் வந்துவிட்டார். வீட்டருகே ஆந்தை கத்தினால் சாவு விழும், லயத்து வீடுகளில் வயசானவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள், பெட்டியைக் கழற்றுங்கள் என்றார். நான் சண்டை போடவில்லை. ஆந்தை மேல் உட்கார்ந்திருக்கும் மகாலட்சுமி படம் ஒன்றை போனில் தேடி, பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டுக் கோயிலுக்கே அன்பளிப்பாகக் கொடுத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை பூசாரி அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டினார். ஊரை ஒரு காகிதத்தால் திருப்பலாம் என்பதை நான் அப்போது கற்றுக்கொண்டேன் என்று எழுதலாம். ஆனால் கிராணிக்கு அது முன்பே தெரிந்ததுதான்.

பெட்டிக்குள் ஒரு சின்னக் கேமரா வைத்தேன். போனில் உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். ஆள் கணக்கு எழுதும் பழைய செக்ரோல் புத்தகம் ஒன்றில் பெட்டை முட்டை இட்ட தேதி, சேவல் கொண்டு வந்த எலி எத்தனை, குஞ்சு பொரித்த நேரம் எல்லாம் எழுதினேன். கொழுந்துக்காரர்களுக்குப் பேர் போட்ட இடத்தில் ஆந்தைக்குப் பேர் போட்டேன். வாட்சாப்பில் ஒரு குழு ஆரம்பித்தேன். பினாங்கு, ஜொகூர் என்று நூற்றுநாற்பது பேர் சேர்ந்தார்கள். அவர்கள் என்னை ஆந்தை ஐயா என்று கூப்பிட்டார்கள். வேலையில் இருந்த காலத்தில் என் முதுகுக்குப் பின்னால் என்ன பேர் வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். அதற்கு இது எவ்வளவோ மேல்.

இனி வீட்டைப் பற்றி எழுதவேண்டும். நீங்கள் காய்கறித் தோட்டக்காரர், சொந்த மண்ணில் இருப்பவர். தோட்ட வீட்டின் சட்டம் உங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. வீட்டில் யாராவது ஒருவர் தோட்டத்தில் வேலை பார்க்கும் வரைதான் வீடு நமக்கு. அந்த ஒருவர் நின்றுவிட்டால் ஒரு மாதத்தில் சாவியை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த ஒருவர் சசிரேகா. தொழிற்சாலையில் தேயிலை பொட்டலம் கட்டும் பகுதிக்கு அவள்தான் கணக்கு. அவளுக்குக் கல்யாணம் ஆகி வெளியே போனால் வீடு போகும். அடுத்து வருபவன் பெட்டியைப் பிடுங்கி அடுப்பில் போடுவான். முட்டையோ குஞ்சோ இருக்கிற நேரத்தில் அப்படி நடந்தால் என்ன ஆகும்? இதுதான் என் கவலை. எனக்காக நான் கவலைப்பட்டேன் என்று யாரும் நினைக்கக் கூடாது.

2022இல் ஈப்போவிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கு மின்சார வேலை, பேர் சசிதரன். ஜாதகம் பொருந்தியது. சசிரேகா, சசிதரன் என்று பேரும் பொருந்துகிறது பாருங்கள் என்று நானே சொல்லிச் சிரித்தேன். அந்த மாதம் பெட்டியில் ஆறு முட்டை. ஆந்தை ஒரே நாளில் எல்லா முட்டையும் இடாது, இரண்டு நாளைக்கு ஒன்றாக இடும். குஞ்சும் அப்படித்தான் பொரிக்கும். அதனால் மூத்தது கோழி அளவு இருக்கும்போது கடைசிக் குஞ்சு கோலிக்குண்டுக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும். எலி குறைந்த வாரத்தில் மூத்ததுகள் அந்தக் கடைசிக் குஞ்சைத் தின்றுவிட்டன. நான் போனில் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. குழுவில் எழுதினேன். எண்பத்து மூன்று பேர் ஆறுதல் சொன்னார்கள். ஒருவர் கவிதையே எழுதினார்.

அதே வாரம்தான் ஈப்போவுக்குக் கடிதம் போட்டேன்.

அதிகம் எழுதவில்லை. பெண்ணின் அம்மா புத்தி பேதலித்துச் செத்தவள், ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள், பெண்ணுக்கும் அது இருக்கிறது, தினமும் மாத்திரை சாப்பிடுகிறாள், வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள். அவ்வளவுதான். இப்படிக்கு உங்கள் நலம் விரும்பி. மாத்திரை என்பது உண்மை. தைராய்டுக்கு அவள் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் வாங்கிச் சாப்பிடுகிற மாத்திரை. பொய்யை நிற்க வைக்க அப்படி ஒரு முளைக்குச்சி வேண்டும். சரோஜாவைப் பற்றி எழுதியதில் ஒரு எழுத்துகூட உண்மை இல்லை. அவள் சிறுநீரகம் கெட்டு, கடைசி நாள்வரை தெளிவாகப் பேசிக்கொண்டு போனவள். பரண் மேலே இருக்கிற பெரிய சட்டி யாருடையது, யாரிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதுவரை சொல்லிவிட்டுத்தான் போனாள். கடிதம் எழுதிய அன்று அவள் படத்துக்குப் பூ வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

ஈப்போக்காரர்கள் போனில் ஏதோ சாக்குச் சொல்லி விலகினார்கள். சசிரேகா அடுப்படியில் நின்று அழுதாள். சத்தமில்லாமல் அழுவாள், தோள் மட்டும் ஆடும். நான் போய், வா, மூத்த குஞ்சு இறக்கை அடித்துப் பார்க்கிறது, வந்து பார் என்று கூப்பிட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் தொட்டியடியில் நின்று பார்த்தோம். அது தடுமாறி உட்கார்ந்ததைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். அப்பாவும் மகளும் சேர்ந்து பார்த்துச் சிரிக்க ஒரு குஞ்சு இருக்கிறது, இதைவிட என்ன வேண்டும் என்று நான் நினைத்தேன். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு இரண்டு வருஷம் தாங்கியது.

திருமாறனை அவளே பார்த்துக்கொண்டாள். கியா பார்ம் கடைகளுக்குப் பூ இறக்கிவிட்டுத் திரும்பும் அவன் லோரி தொழிற்சாலைக் கடை வாசலில் ஏன் தினமும் நிற்கிறது என்று எனக்கு ஒரு வருஷம் தெரியாது. ஆறு ஆந்தையின் போக்குவரத்தை நிமிஷக் கணக்கில் எழுதியவனுக்கு ஒரு லோரி கண்ணில் படவில்லை. இதையும் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

தங்கமான பையன். உங்கள் வீட்டுப் பிள்ளையைப் பற்றி உங்களிடமே சொல்லத் தேவையில்லை. முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது சாயங்காலம் ஏழு மணி. ஆந்தை வெளியே கிளம்பும் நேரம். அவனையும் தொட்டியடியில் நிற்க வைத்தேன். பெட்டிக்குள் குஞ்சுகள் பசியில் சீறிக்கொண்டிருந்தன. தாய் ஆந்தை எலியைக் கவ்விக்கொண்டு வந்து, உள்ளே போகாமல், எதிரில் இருந்த சவுக்கு மரத்தில் உட்கார்ந்துகொண்டது. குஞ்சு கத்துகிறது, தாய் அசையவில்லை. ஏன் மாமா கொடுக்க மாட்டேங்குது என்று கேட்டான். உள்ளேயே கொடுத்துக்கொண்டிருந்தால் அது எப்போது வெளியே வரும், பறக்க வேண்டாமா, அதற்காகத்தான் என்று விளக்கினேன். செக்ரோலிலும் அப்படியே எழுதி வைத்தேன். எழுதிவிட்டு மூடி வைத்தேன்.

அப்போதுதான் அவன் சொன்னான்.

"மாமா, நீங்க தனியா இங்க இருக்க வேணாம்லா. எங்க வீட்டுப் பின்னால ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. பெட்டியையும் கழட்டிட்டு வந்துருவோம், நானே கம்பம் நட்டுத் தரேன். எங்க தோட்டத்துல இல்லாத எலியா?"

எனக்குக் கோபம் வந்தது. ஆந்தை என்ன பூனையா, சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு போக? ஆனால் வெளியே சொல்லவில்லை. பார்ப்போம் தம்பி என்றேன். உறுதி செய்கிற அன்று தட்டு மாற்றும்போது உங்கள் கையைப் பிடித்து, என் மகளை உங்களிடம் ஒப்படைக்கிறேன் என்று சொன்னவனும் நான்தான். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அது நடிப்பில்லை. எனக்குக் கண்ணீர் சுலபமாக வரும்.

நான்கு நாள் கழித்துப் பெட்டியில் மறுபடி முட்டை தெரிந்தது.

இம்முறை இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று உங்களுக்கு, ஒன்று திருமாறனின் அம்மா ருக்குமணிக்கு. ஜாக்கிரதையாகத்தான் இருந்தேன். தாள் தானா ராத்தாவில் வாங்கினேன், உறை வேறு கடையில். தபாலையும் பஸ்ஸேறிப் போய் ஈப்போவில் போட்டேன். கையெழுத்து தெரியக்கூடாது என்று இடது கையால் எழுதினேன். வேண்டுமென்றே எழுத்துப் பிழை விட்டேன். செக்ரோலில் ஒரு புள்ளி தவறினால் பொறுக்காதவனுக்கு அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது.

ஆனால் பிள்ளையார் சுழி போடாமல் எனக்கு எழுத வராது. சம்பளச் சீட்டோ, மளிகைச் சீட்டோ, எதுவானாலும் மேலே ஒரு சுழி, கீழே இரண்டு கோடு, கோட்டுக்கடியில் மூன்று புள்ளி. அதை இடது கையால் போடலாமா? தெய்வக் குற்றமில்லையா? பேனாவை வலது கைக்கு மாற்றினேன். விக்கினம் வராமல் காப்பாற்றப்பா என்று மனதுக்குள் சொல்லி, அழகாகச் சுழியைப் போட்டேன். பிறகு பேனாவை இடது கைக்கு மாற்றி, செத்துப்போன என் மனைவியைப் பைத்தியம் என்று எழுதினேன். ஈப்போ கடிதத்துக்கும் இதையேதான் செய்தேன். அங்கே யாரும் என் சுழியைப் பார்த்தவர்கள் இல்லை.

ருக்குமணி அம்மா உங்களைப் போல இல்லை. நீங்கள் கடிதத்தைப் படித்துக் கல்யாணத்தை நிறுத்தினீர்கள். அவர் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டார். பூவும் பழமும் வாங்கிக்கொண்டுதான் வந்தார். உட்கார்ந்து, தேத்தண்ணி குடித்து, ஆந்தையை விசாரித்து, பிறகுதான் கைப்பையைத் திறந்தார்.

"அண்ணே, இத யாரு எழுதுனதுன்னு உங்களுக்குத் தெரியுமான்னு பாருங்க. எழுத்து கோழி கிண்டுனாப்ல இருக்கு. சுழி மட்டும் கோலம் போட்டாப்ல இருக்கு."

நான் கண்ணாடியைத் தேடினேன். அது மூக்கிலேயே இருந்தது. அதற்குள் சசிரேகா கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டாள். முதலில் சுழியைப் பார்த்தாள். பிறகு கீழே இருந்ததைப் படித்தாள். அம்மாவைப் பற்றி எழுதிய வரியில் கொஞ்ச நேரம் நின்றாள். பத்து வயதிலிருந்து பதினேழு வயதுவரை அவளுடைய ஒவ்வொரு பள்ளிப் புத்தகத்துக்கும் அட்டை போட்டு அந்தச் சுழியைப் போட்டுக் கொடுத்தவன் நான்.  தாளை மடித்து ருக்குமணி அம்மாவிடமே கொடுத்தாள்.

"எங்க அப்பா போட்ட சுழிதான் அத்தை," என்றாள்.

அந்த அம்மா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். வீட்டுக்குள் நுழைந்த மலைப்பாம்பை, அடிப்பதா ஆபீசுக்குப் போன் பண்ணுவதா என்று பார்ப்பார்களே, அப்படி. பிறகு சசிரேகாவிடம், எனக்கும் என் மகனுக்கும் ஒரு குறையும் கிடையாது, அவன் பெரியப்பாதான் பிடிவாதம் பிடிக்கிறார், எழுதினவன் கையாலேயே எழுதி வாங்கிக் கொண்டு வா, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தார். பூவையும் பழத்தையும் வைத்துவிட்டுத்தான் போனார்.

ஆகவே எழுதிக் கொடுக்கிறேன். உங்களுக்கும் ருக்குமணி அம்மாவுக்கும் வந்த கடிதங்களை எழுதியவன் நான், ஓய்வு பெற்ற கிராணி இருளப்பன். 2022இல் ஈப்போவுக்கு எழுதியவனும் நான். என் மனைவி சரோஜாவுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. என் மகளுக்கு ஒரு கோளாறும் இல்லை. முப்பத்தாறு வயதுவரை அவள் கல்யாணம் ஆகாமல் இருப்பதற்குக் கோளாறு என்று ஒன்று உண்டென்றால் அது நான்தான். உங்கள் வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்து இதைப் படித்துக் காட்டலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை. செய்தது தப்பு. ஆனாலும் வாயில்லாத ஜீவன்களைக் காப்பாற்ற வேண்டும் என்ற இரக்கத்தில் ஒரு வயசானவன் புத்தி தடுமாறிச் செய்தது என்று நீங்கள் பெரிய மனது வைத்துப் பார்க்கவேண்டும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

இதோடு கையெழுத்துப் போட்டுத் தாளை அவளிடம் நீட்டினேன். சசிரேகா படித்தாள். முழுவதும் படித்தாள். பிறகு தாளைத் திரும்ப என் முன்னால் வைத்து, தன் போனை எடுத்து ஏதோ தேடி, அதையும் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

ஒரு கடிதத்தின் படம். பீடோரிலிருந்து ஹரிதாஸின் அக்கா அனுப்பியிருக்கிறார். ஹரிதாஸ் யார் என்று உங்களுக்குத் தெரியாது. பள்ளி ஆசிரியர். சசிரேகாவுக்கு முதன்முதலில் வந்த வரன். அவளுக்கும் பிடித்திருந்தது, பத்திரிகை அடிக்கிற வரைக்கும் வந்து நின்றது. போன வாரம் முழுக்க அவள் பழைய இடங்களுக்கெல்லாம் போன் பண்ணிக்கொண்டிருந்தது இதற்குத்தான் போலிருக்கிறது. கடிதத்தில் அதே வார்த்தைகள். புத்தி பேதலித்துச் செத்தவள். பெண்ணுக்கும் அது இருக்கிறது. நலம் விரும்பி. மேலே சுழி, கீழே மூன்று புள்ளி. வலது ஓரத்தில் தேதி போட்டிருக்கிறேன். கிராணி புத்தி, தேதி இல்லாமல் ஒரு தாள் போகக்கூடாது. 14.3.2016.

"இதுக்கு எந்த ஆந்தைப்பா?" என்று கேட்டாள்.

குரலை உயர்த்தவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பது மாதிரிதான் கேட்டாள். ஒன்றையும் மறைக்காமல் எழுதுங்கள் என்று மறுபடி சொன்னாள். பேனாவைத் திறந்து கொடுத்தாள்.

அரைமணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன் அண்ணே. 2016இல் நான் வேலையில் இருந்தேன். வீடு என் பேரில் இருந்தது. பெட்டி வர இன்னும் மூன்று வருஷம் இருந்தது. பின்னால் கம்பம்கூடக் கிடையாது, சௌ சௌ கொடி மட்டும்தான். சோறு ஆக்க ஆள் இல்லாமலா என்றால், நானே நன்றாக ஆக்குவேன். பீடோருக்கு இங்கிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாது, நினைத்தால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அவள் போய்விட்டால் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். அவ்வளவுதான் காரணம். அதற்காகத்தான் அவள் அம்மாவைப் பைத்தியம் என்று எழுதினேன்.